கை தூக்கினால் கயிறு

எனக்கு நீச்சல் தெரியும் என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கோவில்பட்டியில் சோதித்துப் பார்க்கத் தண்ணீருக்கு எங்கே போவது?

நான் கற்றது பசுவந்தனைப் பக்கம் ஒரு வட்டக் கிணற்றில். ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனை முதுகில் கட்டிக் குதிக்க விட்டார்கள். ஒரே வாரத்தில் கேனைக் கழற்றி எறிந்தேன். என் மகள் பிறந்தபோதே, இவளுக்கு நீச்சல் நான்தான் சொல்லிக் கொடுப்பேன் என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். அவளுக்கு ஏழு வயது ஆவதற்குள் கிணறு வற்றி, உள்ளே கருவேல மரம் முளைத்துவிட்டது. கிணற்று மோட்டார் உதிரி பாகம் விற்கிற கடைக்காரன் நான். எந்தக் கிணறு எப்போது செத்தது என்று எனக்குத்தான் முதலில் தெரியும், ஆனாலும் அந்தக் கிணற்று விஷயத்தில் மட்டும் அடுத்த மழைக்கு ஊறிவிடும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போய், குடியிருந்த அடுக்குமாடியின் நீச்சல் குளத்தில், யாரோ ஒருவரிடம் கற்றுக்கொண்டாள்.

இந்தப் புரட்டாசியில் அவள்தான் போன் செய்தாள். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஏரி, நடுவில் தீவு, தீவு முழுக்கப் பூங்கா. கூடாரத்தில் தங்கலாம், மலையேறலாம். "அப்பா, நாம ரெண்டு பேரும் சேந்து நீந்துவோம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கடையை மூன்று நாள் பூட்டினேன்.

"நல்லா இருக்க வீட்ட விட்டுட்டுத் துணிக் கூடாரத்துல போய்ப் படுக்கணுமாக்கும்" என்று என் மனைவி முணுமுணுத்தாள். முதலில் பை கட்டியதும் அவள்தான். காராச்சேவு, இட்லிப்பொடி, மாங்காய், அதற்கு உப்பு.

படகில் ஏறி அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். யாரும் காவல் இல்லாமல், முறை வைக்காமல், அது பாட்டுக்குக் கிடந்தது. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருகிற நாளுக்காகக் கல்யாணத் தேதியைக்கூடத் தள்ளி வைத்திருக்கிறோம். இங்கே அதில் ஒரு கொக்கு சும்மா நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் தீவுக் குன்றில் ஏறினோம். ஈர மண்ணில் எனக்குக் கால் நிற்கவில்லை. மகள் முன்னால் போய்ப் போய்த் திரும்பி வந்து கை கொடுத்தாள். என் கெண்டைக்காலில் அட்டை ஏறிவிட்டது. மாங்காய்க்குக் கொண்டுபோன உப்பைப் போட்டு மனைவி அதை உதிர்த்தாள். "இதுக்குத்தான் உப்பு கொண்டாந்தேன்" என்று பெருமை வேறு.

வெயில் ஏறியதும் குளிக்கும் துறைக்கு வந்தோம். நீந்தலாம் என்கிற எல்லைக்குச் சிவப்பு மிதவைகள் கட்டியிருந்தார்கள். காவலாளி மிதக்க வைக்கிற ஆரஞ்சுச் சட்டை ஆளுக்கொன்று நீட்டினார். மகள் அங்கேயே போட்டுக்கொண்டாள். நான் வாங்கவில்லை.

"கெணத்துல நீந்துனவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றேன்.

"இவிய கெணத்துல பெரிய ஆளு" என்று மனைவி கரையில் உட்கார்ந்தபடியே காவலாளிக்குச் சிபாரிசு செய்தாள்.

தண்ணீருக்குள் நெஞ்சளவு போய் நின்ற பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கிணறு என்றால் மேலிருந்து குதிக்கலாம். இங்கே எங்கிருந்து குதிப்பது? மகள் காத்துக்கொண்டு நின்றாள். "நீ முன்னால போ பிள்ள, வாரேன்" என்றேன். போனாள். அவ்வளவு அழகாகப் போனாள். அவள் தலையில் மாட்டியிருந்த மஞ்சள் தொப்பி சின்னதாகி, சின்னதாகி, மிதவையைத் தொட்டது. அங்கே திரும்பி, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

எங்கள் கிணற்றில் ஒரு சட்டம் இருந்தது. முடியாமல் போனால் கத்தக் கூடாது. கத்தினால் வாய்க்குள் தண்ணீர் போகும். ஒரு கையைத் தூக்க வேண்டும். தூக்கிய கையை மேலே நிற்கிறவன் யார் பார்த்தாலும், அவன் சண்டைக்காரனாகவே இருந்தாலும், மோட்டார் ரூம் தூணில் கட்டியிருக்கிற கயிற்றை எறிய வேண்டும். கை தூக்கினால் கயிறு. அதில் விளையாட்டே கிடையாது. விளையாட்டுக்குக் கை தூக்கிய ஒருவனை இரண்டு மாதம் கிணற்றுப் பக்கமே சேர்க்கவில்லை.

என் மகள் கையைத் தூக்கிவிட்டாள். என்னிடம் கயிறு இல்லை.

அவள் ஆரஞ்சுச் சட்டை போட்டிருந்ததெல்லாம் எனக்கு அப்போது தோன்றவே இல்லை. பாய்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, உயிரைக் கொடுத்து அடித்தேன். மூச்சு முட்டி நிமிர்ந்தால் எதிரில் என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். எப்படி என்று புரியவில்லை. திரும்பி மறுபடி அடித்தேன். மறுபடியும் கரை. என் இடது கை ஒவ்வொரு வீச்சுக்கும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. சுவரைத் தேடுகிறது என்பது மூன்றாம் தடவைதான் உறைத்தது. கிணற்றில் சுவரை ஒட்டி வட்டமாகத்தான் நீந்துவோம். நேராகப் போக அங்கே இடம் ஏது? இந்த நாற்பது வருஷமும் நான் தெரியும் தெரியும் என்று சொன்னது அந்த வட்டம் ஒன்றைத்தான்.

தண்ணீர் குடித்துவிட்டேன். முடிந்தது என்று காலை விட்டால் தரை தட்டியது. நெஞ்சளவுத் தண்ணீர்தான். நின்ற இடத்தை விட்டு நான் நாலடி கூடப் போகவில்லை. மிதவைப் பக்கம் பார்த்தேன். கையும் இல்லை, தொப்பியும் இல்லை. "ஏ பிள்ள!" என்று கத்தினேன். இருமலில் அது பாதிதான் வெளியே வந்தது. பெற்ற பிள்ளை போகிறது, தகப்பன் நெஞ்சளவுத் தண்ணீரில் மரம் மாதிரி நிற்கிறான். வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாதவனாக நான் ஒருநாளும் இருந்ததில்லை.

பக்கவாட்டில் தண்ணீர் சலசலத்தது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வந்து நின்றாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"ஒங்களுக்கு டாட்டா காட்டுனேனே, பாத்தீங்களா?" என்றாள். பிறகு, "ஏம்ப்பா, இங்கனயே வட்டமா சுத்திக்கிட்டுக் கெடந்தீங்க?"

கரையில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். காவலாளியும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். கிணற்றுச் சட்டத்தை மகளிடம் சொல்லவில்லை. சொன்னால், கை தூக்கினேன், நீங்கள் வரவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

அடுத்த நாள் சாயங்காலம் தென்காசியில் அவளைப் பெங்களூர் பஸ்சில் ஏற்றினோம். வழக்கமாக அந்த நேரத்தில் புத்தி சொல்லுவேன்: பார்த்துப் போ, போன் பண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு. அன்று பையை மட்டும் தூக்கிக் கொடுத்தேன். அங்கே அவளுக்கு ஏதாவது என்றால் நான் என்ன செய்வேன் என்பதை முந்தின நாளே கண்ணால் பார்த்த மாதிரி இருந்தது. பஸ் நகர்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கையைத் தூக்கினாள்.

டாட்டாதான். தெரியும். ஆனாலும் கால் தானாக பஸ்சோடு நாலைந்து எட்டு நடந்துவிட்டது, கண் ஒரு கயிற்றைத் தேடியது.

"என்னத்தத் தேடுதீங்க?" என்று மனைவி பின்னாலேயே வந்தாள். "நீங்களும் கையைத் தூக்குங்க, புள்ள பாக்குதுல்லா."

தூக்கினேன். மகள் அதை டாட்டா என்றுதான் நினைத்திருப்பாள்.