சத்தம் போடாமல் அழுத காட்சி

ஹெட்போனைக் காதில் மாட்டியதும் முதலில் கேட்டது இறால் துள்ளுகிற சத்தம்தான்...

ஏரியில் கையால் தடவிப் பிடித்த இறாலை ஓலையில் பின்னிய பறிக்கூடையில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தேன். அதற்குள்ளிருந்து சடசடவென்று, தகரக் கூரையில் மழை பிடித்துக்கொண்ட மாதிரி. தினமும் அந்தப் பறியோடுதான் கரையேறுவேன். ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கல்யாணமாகி தோணிரேவு கிராமத்துக்கு வந்த புதிது. எங்கள் கரையில் ஒரு சினிமா ஷூட்டிங் நடந்தது. ஊரே ஹீரோயினைப் பார்க்கக் கூடியது. நான் மட்டும் சவுண்டுக்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளக் கழி, அதன் நுனியில் சாம்பல் நிற ரோமம் போர்த்திய மைக்.

"இன்னாடி இது, கீரிப்புள்ளைய கழியில கட்டிகினு வர்றாரு!" என்று எங்கள் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவரும் சிரித்தார். காற்று மைக்கில் மோதாமல் இருக்கத்தான் அந்தப் போர்வை என்று சொல்லி, "நீங்களே கேட்டுப் பாருங்க" என்று ஹெட்போனைக் கொடுத்தார். அப்போது கேட்டதுதான் அந்த இறால் சத்தம்.

கடைசி நாள் வம்பு வந்தது.

கடலுக்குப் போன படகு திரும்பவில்லை, கரையில் பெண்கள் கதறி அழ வேண்டும். அதுதான் காட்சி. அந்தப் பெண்களாக நடிக்க எங்களையே கூப்பிட்டிருந்தார்கள். டைரக்டர் "ஆக்‌ஷன்" என்றார். ஒருத்தரும் அழவில்லை.

எங்கள் வீட்டு ஆண்கள் அன்றைக்கு, ஏரி கடலில் சேருகிற முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போயிருந்தார்கள். ஆண்கள் தண்ணீரில் இருக்கும்போது கரையில் யாரும் குரலெடுத்து அழக்கூடாது. எங்களுக்குள் அது ஒரு வழக்கம். என் மாமியார் முன்னால் வந்து நின்றார்.

"எம் புள்ள கடல்ல கீறான் சார். இங்க குந்திகினு நான் ஒப்பாரி வெக்கறதா? இன்னா பேச்சு பேசறீங்க?"

டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "சத்தமே வேணாம்மா. அழற மாதிரி வாயை மட்டும் திறங்க. ஸ்டுடியோவுல வேற ஆளுங்கள அழ வெச்சு சேர்த்துக்கறோம்."

நாங்கள் தலையாட்டிவிட்டோம். மாமியார் நகரவில்லை.

"எவளோ அழுவா, வாயி என்னுதா இருக்கும். படம் ஓடற அன்னிக்கும் எம் புள்ள கடல்ல இருப்பானே... அதுக்கு இன்னா சொல்றீங்க?"

அவருக்குப் பிள்ளை என்றால் எனக்குப் புருஷன். டைரக்டர் வாட்சைப் பார்த்தார். சவுண்டுக்காரர்தான் முன்னால் வந்தார். "உங்க வாயில யாரோட அழுகையையும் வெக்க மாட்டேம்மா. நான் பொறுப்பு."

டைரக்டர் அவரை முறைத்த முறையில் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. மாமியார் என்ன நினைத்தாரோ, "சரி தம்பி" என்று போய் மணலில் உட்கார்ந்தார்.

வாயைத் திறந்தோம். சத்தம் வராமல் அழுவது லேசான வேலை இல்லைங்க... மூச்சு உள்ளே போய் நெஞ்சில் முட்டிக்கொண்டு நிற்கும். மைக் எங்கள் தலைக்கு மேலே வந்து நின்றது. சத்தமே போடாதவர்களிடம் இதற்கு என்ன வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

படம் பொன்னேரி தியேட்டருக்கு வந்தது. அன்றைக்கும் என் வீட்டுக்காரர் கடலில்தான். "தம்பி சொன்ன சொல்லு நிக்குதானு பாக்கணும், வாடி" என்று மாமியார் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

பாட்டு, சண்டை எல்லாம் முடிந்து புயல் வந்தது. இடி இடித்ததில் தியேட்டரே அதிர்ந்தது. அடுத்து எங்கள் காட்சி. மாமியார் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் தோலில் அழுந்தியது.

திரையில் எங்கள் முகங்கள்.

வாய் திறந்தது...

எல்லாச் சத்தமும் நின்றுபோனது.

"டேய், சவுண்டு!" என்று பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். விசில் பறந்தது.

அப்புறம் கேட்டது. கட்டிப்போட்ட படகின் பலகையில் தண்ணீர் மோதுகிற சத்தம். சளப்... சளப்... அதற்கு மேல் மூச்சு. எங்கள் மூச்சு! அதில் ஒன்று இழுத்து, நடுவில் நின்று, கீச்சென்று வெளியே வந்தது. வீசிங் உள்ள என் மாமியாருடைய மூச்சு. வீட்டில் தினமும் கேட்கிற அது, அந்தப் பெரிய தியேட்டர் முழுக்க நிறைந்தது.

கத்தியவர் அப்புறம் வாயே திறக்கவில்லை. மைக் எதற்கு வந்து நின்றது என்று அப்போதுதான் புரிந்தது. இப்படியும் ஒரு மனுஷன் காது வைத்திருப்பானா என்று மலைத்துப் போனேன்.

"தம்பி வார்த்தைய காப்பாத்திட்டாருடி" என்று மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது தியேட்டரில் போடுகிற சத்தத்தில் சீட்டே நடுங்குகிறது. போனில் நாய்க்குட்டி வீடியோ வந்தாலும் பின்னால் ஒரு சோகப் பாட்டு. அதையும் ரசிக்கத்தான் செய்கிறேன். ஒரு நாள் என் மகனுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். "சவுண்டே இல்லியேம்மா" என்றான். "ஹெட்போன் போட்டுகினு கேளுடா" என்றேன். கேட்டுவிட்டு, "இது ஆயாவோட மூச்சும்மா!" என்று கத்தினான்.

போன வருஷம் மாமியார் காலமானார். காலை நேரம். என் வீட்டுக்காரர் கடலில் இருந்தார். "நைனாவுக்கு லைன் கிடைக்கலம்மா" என்று மகன் போனும் கையுமாக நின்றான்.

"நான் செத்தாலும் எம் புள்ள கரையேறின அப்புறம் அழுங்கடி" என்று மாமியார் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். யாரும் குரலெடுக்கவில்லை. அவரைச் சுற்றி உட்கார்ந்தோம். அன்று மணலில் உட்கார்ந்திருந்த அதே பெண்கள். வாய் திறந்திருந்தது, மூச்சு நெஞ்சில் முட்டி நின்றது. வெளியே தண்ணீர் படகில் மோதுகிற சத்தம்கூடக் கேட்டது.

அந்தக் கீச்சென்ற மூச்சு மட்டும் இல்லை.

வெயில் ஏறி வெகுநேரம் கழித்து, ஏரிப் பக்கமிருந்து படகு என்ஜின் சத்தம் வந்தது. என் வீட்டுக்காரர் கரையில் கால் வைத்தார்.

அப்புறம்தான் அழுதோம்.