உயிரோடு இருக்கும்போது கூப்பிடுங்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிற வேலையைவிட இந்த வேலையால்தான் என்னை எல்லோருக்கும் தெரியும். சாவுச் செய்தி முதலில் என் போனுக்குத்தான் வரும். நானும் பழக்கத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன்: "எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க?" அதற்கேற்றபடி கூடாரமும் உட்காரக் கதிரைகளும் தூக்குகிற ஆட்களும் போய்ச் சேரும். கல்யாண வீட்டில் என்னைக் கண்டால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதெல்லாம் பழகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் அழைத்தது குசுமா அக்கா. ராகலைக்கு மேலே மரக்கறித் தோட்டம் வைத்திருக்கிற சிங்களப் பெண்மணி. அழுதுகொண்டே சிங்களத்தில் பேசினார். யாரோ போய்விட்டார்கள் என்பது மட்டும் விளங்கியது. என் வாய் தன்பாட்டில் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டது. "மாத்தையா, நம்ம புவனா மிஸ்" என்றார் அவர். "ஏதாவது நடந்தால் உங்களைக் கூப்பிடச் சொல்லி மிஸ்தான் நம்பர் தந்திருந்தார்."

மிஸ் அந்த நம்பரைக் கொடுத்தது இதற்காக அல்ல. செத்த பிறகு கூப்பிடுவதற்காக அவர் யாருடைய நம்பரையும் கொடுக்கிற ஆள் அல்ல. போனை வைப்பதற்கு முன்பே எனக்கு அது தெரிந்துவிட்டது. அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

மிஸ்ஸை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் அவருடைய கையில் பிறந்தவர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்வதானால், அவர் எங்கள் தோட்டத்து மருத்துவமாது. சாவகச்சேரிப் பக்கத்துக்காரர். வேலை கிடைத்து மலைக்கு வந்தவர், திரும்பிப் போகவில்லை. வந்த புதிதில் எனக்கு அவரைப் பிடிக்காது. அந்த 'ஓம்', 'வாங்கோ' எல்லாம் காதுக்கு இனிமைதான், ஆனால் நாளெல்லாம் ஆளை விரட்டுகிற குரல். பிள்ளைக்குச் சளி பிடித்தால் தாயைத் திட்டுவார், தகப்பனைத் திட்டுவார், வழியில் போகிற என்னையும் சேர்த்துத் திட்டுவார்.

எங்கள் மேற்பிரிவு லயக் குடியிருப்புகளுக்கும் வாகனம் வருகிற பாதைக்கும் நடுவில் படிகளும் வழுக்குப் பாறையும்தான். அங்கே ஒரு தாய்க்குப் பிள்ளை பெற்ற பிறகு இரத்தம் நிற்கவில்லை. புருஷன் அவளைக் கம்பளியில் சுற்றி முதுகில் சுமந்துகொண்டு தனியாக இறங்கினான். பாதைக்கு வந்து சேரும்போது அவள் இல்லை. மறுநாள் சாவுக்குத் தோட்டமே திரண்டு வந்தது. வேலை நின்றது. தூக்குவதற்கு நான், நீ என்று ஆட்கள் போட்டி போட்டார்கள். மிஸ் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் என்னை நிறுத்தினார்.

"மாஸ்டர், செத்தாப் பிறகு தூக்க இவ்வளவு ஆக்கள் நிக்கினம். நேற்று அவள் உயிரோட இருக்கேக்க தூக்க ஏன் ஒருத்தரும் இல்லை?"

எனக்குச் சுருக்கென்றது. "நேத்து யாரும் சொல்லலையே மிஸ். சாவுன்னா சொல்லி அனுப்புவாங்க, வந்துருவோம்" என்றேன்.

"அப்ப இனி உயிரோட இருக்கேக்கயும் சொல்லி அனுப்பட்டும். நீங்கள் வாங்கோ."

அவ்வளவுதான் அந்தத் திட்டம். பிற்காலத்தில் மேடைகளில் அதற்குப் பல்தரப்புப் பங்காளித்துவம் என்று பெயர் சொன்னார்கள். எங்களுக்கு அது கதிரைத் தூக்கு. சங்கத்து ஆட்கள் நோயாளியைக் கதிரையில் வைத்துப் பாதைக்குத் தூக்கி வருவது, தோட்டத்துக் கொழுந்து லொறி அங்கே காத்திருப்பது, ஆஸ்பத்திரி வாசலில் ஆள் தயாராக நிற்பது. இந்த மூன்று தரப்பையும் மிஸ் சேர்த்த விதத்தைப் பிற்பாடு நடந்த விருது விழாவில் யாரும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஒத்துக்கொண்டுவிட்டது என்று தோட்டத்தை நடத்துகிற துரையிடம் சொன்னார். துரை லொறி தருகிறார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார். அந்த நேரத்தில் இரண்டு பேருமே எதற்கும் ஒத்துக்கொண்டிருக்கவில்லை. இது பொய்யில்லையா மிஸ் என்று கேட்டேன். "பொய்யில்லை மாஸ்டர், கொஞ்சம் முந்திச் சொல்லிப் போட்டன்" என்றார்.

தொழிற்சாலைத் தச்சர் ஒரு மரக்கதிரையின் இரண்டு பக்கமும் மூங்கில் பூட்டிக் கொடுத்தார். ஆஸ்பத்திரி நர்ஸ்மார் வந்து, ஆளை எப்படிச் சாய்த்து உட்கார வைப்பது, பட்டியை எங்கே கட்டுவது, மழையில் எப்படி மூடுவது என்றெல்லாம் காட்டினார்கள். தூக்குகிறவர்களுக்கு மாரிமுத்து தலைவர். தேயிலை வெட்டுகிற கவ்வாத்துக்காரர், சங்கத்தில் எந்தச் சாவானாலும் முன்பக்கம் அவருடைய தோள்தான்.

முதல் அழைப்பிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டோம். கலா என்ற பெண்ணுக்கு வலி கண்டிருந்தது. நாங்கள் கதிரையோடு போய் நின்றதும் அவளுடைய மாமியார் ராக்காயி வாசலை மறித்துக்கொண்டார்.

"எம் மருமக உசுரோடதான் இருக்கா. பொணந்தூக்குறவங்களுக்கு இங்க என்னா வேல? போங்கய்யா அங்கிட்டு!"

மாரிமுத்துவின் முகம் கறுத்துப்போனது. கலா சுவரைப் பிடித்து, ஆளைப் பிடித்து, நடந்தே இறங்கினாள். வெறும் கதிரையைத் தூக்கிக்கொண்டு நாங்கள் தூரத்தில் பின்னால் போனோம். தாயும் பிள்ளையும் பிழைத்தது எங்கள் நல்ல காலம். ஆனால் அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது மிஸ் வந்தார். வெள்ளைச் சீருடையோடு கதிரையில் ஏறி உட்கார்ந்தார். குடையை விரித்தார். "இவையின்ர தோளில ஏறினாச் செத்துப் போவினம் எண்டா, நான் இப்ப செத்துப் போகவேணும். எல்லாரும் வந்து பாருங்கோ. மாரிமுத்து, தூக்குங்கோ!"

தூக்கினார்கள். பெரட்டே பின்னால் இறங்கியது. ஒரே சிரிப்பு. ராக்காயிகூடச் சேலையால் வாயை மூடிக்கொண்டு வந்தார். பாதையில் இறக்கி வைத்ததும் மிஸ் எழுந்து, அத்தனை படியையும் நடந்தே ஏறினார். இடையிடையே நின்று மூச்சு வாங்கினார், அந்த இடைவெளியில் யாரையாவது திட்டினார்.

"ஏறுறப்பவும் தூக்கிட்டு வந்திருப்போமே மிஸ்" என்றார் மாரிமுத்து.

"நான் நடந்து திரும்பி வாறதைத்தான் இவை பாக்கவேணும்."

அதன் பிறகு கூப்பிடத் தொடங்கினார்கள். அப்போதுதான் இன்னொரு பிழை நடந்தது. முதல் பிள்ளைக்கு வலி வந்த ஒரு பெண்ணை ஒழுங்காகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டார்கள். சாவு வீட்டிலிருந்து புறப்படும்போது நாம் போய் வருகிறோம் என்று சொல்வதில்லையே. அதுவரை பிணத்தை மட்டுமே தூக்கிப் பழகியவர்கள், கால் அப்படியே நடந்துவிட்டது. அந்தப் பெண் ஓவென்று அழுதாள். "ஒண்ணுமே சொல்லாமப் போறாங்களே, நான் பொழைக்க மாட்டேனா மிஸ்?"

மிஸ் ஓடி வந்து அவர்களை வாசலிலேயே மறித்துத் திருப்பிக்கொண்டு போனார். மாரிமுத்து அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, கதவு நிலையைப் பார்த்து, "போயிட்டு வாறோம்" என்றார். அன்றிலிருந்து அது சட்டமானது. யாரைத் தூக்கிப் போனாலும், எந்த நிலையில் விட்டாலும், அதைச் சொல்லாமல் வரக்கூடாது.

பிராந்திய சுகாதார சேவையில் தரத்துக்கும் புத்தாக்கத்துக்கும் விருது கொடுக்கிற விழா ஒன்று நுவரெலியாவில் நடந்தது. அதற்கு முன் எங்களைப் பார்க்க வந்த நடுவர் ஒருவர், சேவையின் தரத்தை எதை வைத்து அளக்கிறீர்கள் என்று மிஸ்ஸிடம் கேட்டார். "கொண்டுபோய் விட்டிட்டு, 'போயிட்டு வாறோம்' எண்டு சொல்லுகினமோ எண்டு பாக்கிறனான்" என்றார் மிஸ். நடுவர் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை.

விழா மேடைக்கு எங்களைக் கூப்பிடும்போது 'நலன்புரிச் சங்கம்' என்று வாசித்தார்கள். சுகாதார விழாவில் மரணம் என்ற சொல் வேண்டாம் என்று யாரோ மாற்றியிருந்தார்கள். ஏற்கெனவே மேடையில் நின்றிருந்த மிஸ், ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். "இது மரண உதவிச் சங்கம். அந்தப் பேரோடதான் இவை உயிரோட இருக்கிற ஆக்களைத் தூக்கினவை. பேரைச் சரியா வாசியுங்கோ." மறுபடி வாசித்தார்கள். மண்டபம் கைதட்டியது. இரவல் கோட்டில் விரல்கள் மறைந்துபோக, மாரிமுத்து அழுதுகொண்டே மேடை ஏறினார். எங்கள் வாழ்க்கையில் நல்ல நாள் என்று ஒன்று இருந்தால் அதுதான்.

கைதட்டல் நுவரெலியாவோடு முடிந்தது. வாகனம் ஒன்று தருவதாகச் சொன்னார்கள், வரவில்லை. துரை மாறினார். புதியவர், கொழுந்து ஏற்றுகிற லொறியில் ஆட்களை ஏற்றக்கூடாது என்றார். ஆஸ்பத்திரியில் விஷயம் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக இடம் மாறிப் போனார்கள். எங்கள் இளசுகள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். பங்காளிகள் எல்லோரும் கழன்ற பிறகு கதிரை மட்டும் என் வீட்டு விறாந்தைக்கு வந்து சேர்ந்தது. கூப்பிட்டால் இப்போதும் போகிறோம், பாதையில் முச்சக்கர வண்டி எதையாவது மறித்து ஏற்றுகிறோம்.

மிஸ்ஸும் ஓய்வு பெற்றார். ஊரில் ஆட்கள் இல்லை, கூடப்பிறந்தவர்கள் எல்லாம் வெளிநாடு. "இந்தக் குளிர் இல்லாட்டி எனக்கு நித்திரை வராது மாஸ்டர்" என்று சொல்லி, குசுமா அக்காவின் வீட்டில் ஓர் அறை எடுத்துத் தங்கினார். எங்கள் தோட்டத்திலிருந்து குறுக்குப் பாதையில் நடந்து போகிற தூரம்தான்.

மிச்சத்தைக் குசுமா அக்கா சொல்லித்தான் அறிந்தேன். மிஸ்ஸின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரம், மிளகாய்ச் செடிகளுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். மிஸ்ஸுக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கிறது. மழைக்கு மண் சரிந்து வீட்டுப் பாதை மூடிக்கிடந்தது. குசுமா அக்காவின் மகன் ராகலைக்கு இறங்கிப் போய்ப் பார்த்தான், ஒரு வண்டியும் மேலே வர முடியாது என்றார்கள். மாஸ்டரைக் கூப்பிடு, கதிரையோடு வருவார்கள் என்று மிஸ் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

"நீங்கள் மரணச் சங்கத்து மாத்தையாதானே" என்றார் குசுமா அக்கா. "உயிரோடு இருக்கிற ஆளுக்கு உங்களை எப்படிக் கூப்பிடுவது? கூப்பிட்டால் நானே மிஸ்ஸை அனுப்பி வைத்த மாதிரி ஆகிவிடாதா? பயமாக இருந்தது. கூப்பிட்டுவிட்டேன், வருகிறார்கள் என்று மிஸ்ஸிடம் பொய் சொன்னேன்."

மிஸ் அதை நம்பியிருக்கிறார். தன்னைக் கதவுப் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லியிருக்கிறார்.

குசுமா அக்காவை என்ன சொல்வது? கொத்தமல்லி அவித்துக் கொடுத்தவர், கடைசிவரை காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு இருந்தவர். ராக்காயிக்கு இருந்த அதே பயம்தான் அவருக்கும். எங்கள் தோட்டத்திலிருந்து மிஸ் துரத்திவிட்ட பயம், அடுத்த மலையில் போய் அவருக்காகவே காத்திருந்த மாதிரி இருக்கிறது. முந்திக் கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

சரிந்த மண்ணைக் கடந்து நாங்கள்தான் தூக்கி வந்தோம். மாரிமுத்துவுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, ஆனாலும் முன்பக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. "கனமே இல்ல மாஸ்டர்" என்றார். "அன்னைக்குக் கொடைய விரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தப்ப, தோள் வலி எடுத்துச்சி."

மயானத்தில் சிதையில் தீ பிடித்ததும் வழக்கம்போலத் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். மாரிமுத்து நின்றார். நின்று, திரும்பி, தீயைப் பார்த்து உரக்கச் சொன்னார்: "போயிட்டு வாறோம் மிஸ்." அப்படிச் சொல்லக்கூடாது என்று பின்னாலிருந்து யாரோ பதறினார்கள். ஆனால் கதிரை தூக்கிய எல்லோரும் ஒவ்வொருவராகத் திரும்பி அதையே சொன்னார்கள்.

காரியம் முடிந்து சில நாளில் குசுமா அக்கா மறுபடி அழைத்தார். போனை எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உயிரோடு இருக்கிறார் மாத்தையா. பக்கத்து வீட்டுப் பெரியவர். வருவீர்களா?" போனோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேர்த்துவிட்டு, போயிட்டு வாறோம் என்று தமிழில் சொன்னோம். பெரியவருக்கு விளங்கியதோ தெரியாது, கையைத் தூக்கிக் காட்டினார்.

மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கதிரையும் ஒரு கேள்வியும்தான். எத்தனை மணிக்கு எடுக்கிறீங்க என்று இப்போது நான் கேட்பதில்லை. போனில் யாராக இருந்தாலும், "உசுரோட இருக்காங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். இல்லை என்று பதில் வருகிற ஒவ்வொரு தடவையும், கதவைப் பார்த்தபடி படுத்திருந்த மிஸ் கண்ணுக்குள் வந்துவிடுகிறார்.