வசிக்கும் நாடு என்ற கட்டம்

நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் காவல் மேசையில் தினமும் காலையில் ஒரு புத்தகத்தில் எழுதிவிட்டுத்தான் வெளியே போகிறேன். அது வருகையாளர் புத்தகம். பெயர், வீட்டு எண், வந்த நேரம், போன நேரம் என்று நான்கு கட்டங்கள். நடக்கக் கிளம்பும்போது ‘போன நேரம்’ எழுதுவேன். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டி ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பும்போது புது வரியில் ‘வந்த நேரம்’ எழுதுவேன். ஆறு வருடங்களாக இப்படித்தான். குடியிருப்போருக்கு ஓர் அட்டை தருகிறார்கள், காட்டினால் கதவு தானே திறந்துவிடும். ஆனால் அதற்கான விண்ணப்பத்தில் ‘நான் இங்கு வசிப்பவன்’ என்று உறுதிமொழி கேட்கிறார்கள். என் கடவுச்சீட்டில் ஒட்டியிருப்பதோ நீண்டகால சமூக வருகை அனுமதி. வருகைக்கு வந்தவன் வருகையாளன். பத்திரப் பதிவுத் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன் தவறான உறுதிமொழியில் கையெழுத்துப் போட முடியாது.

காவல் மேசையில் இருக்கும் மல்லிகா இங்கே மலேசியாவில், செந்தூலில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு என் சட்ட விளக்கத்தில் ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை.

“என்னா அங்கிள், ஆறு வருசமா விசிட்டர். எந்த விசிட்டர் கறிவேப்பில வாங்கிட்டு உள்ள வராரு?”

“அது சமூக வருகையில் அடங்கும்” என்பேன்.

“சரி சரி, எழுதுங்கலா. பின்னால லோரி நிக்குது.”

ஊரில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மகள் இங்கே கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவளுடைய வேலை அனுமதியைப் பற்றிக்கொண்டு நானும் என் மனைவி கோமதியும் இருக்கிறோம். பாளையங்கோட்டையில் எங்கள் வீடு பூட்டிக் கிடக்கிறது. சாவி இங்கே என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு மாதத்தில் திரும்பிவிடுவோம் என்று வந்தோம். திரும்பாததற்கு முதலில் பேரன் பிறந்தது காரணம், பிறகு நோய்த்தொற்று காரணம், அதற்குப் பிறகு காரணம் கேட்பார் யாருமில்லை.

போன வருடம் கோமதி என் முழங்கையைப் பிடிக்க ஆரம்பித்தாள். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் தெருவில் என்னைத் தொட்டு நடக்காதவள். வயதானால் பாசம் கூடும் போலிருக்கிறது என்று நான் சற்றுப் பெருமையாகவே நினைத்துக்கொண்டேன். பொழுது சாயும்போது மட்டும் பிடிக்கிறாள் என்பதைக் கண்டுபிடித்தவள் மகள். கண் மருத்துவர் கிளாக்கோமா என்றார். போன பார்வை வராது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம், இருட்டில் பார்ப்பதுதான் முதலில் போகும் என்றார். “மங்கலான வெளிச்சத்தில் எதையாவது பார்க்க ஆசை இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. கோமதி அதற்கு முன்பே புரிந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கோமதி, மகளின் கைப்பேசியில் ஒருமுறை பார்த்திருந்த காட்சியை மறுபடி போடச் சொன்னாள். துருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாடு, பனிமலை, வானத்தில் பச்சைச் சேலை உலர்த்தியதுபோல ஓர் ஒளி, வட ஒளி என்கிறார்கள்.

“இத நேர்ல பாக்கணும்னு இருக்கு” என்றாள்.

என்னிடம் எதையும் கேட்டுப் பழகாதவள். நான் உடனே வேலையைத் தொடங்கினேன். வட ஒளிப் பயணம், மாலையில், பாரம்பரிய உள்ளூர் விருந்துடன் என்று ஒரு திட்டம் கிடைத்தது. நிபந்தனைகளை முழுதும் படித்தேன். ஒளி தோன்றாவிட்டால் நிறுவனம் பொறுப்பல்ல என்று ஒரு பிரிவு இருந்தது. நன்றாக எழுதப்பட்ட பிரிவு, நானே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். விருந்து கலைமான் கறி. நாங்கள் மரக்கறி உண்பவர்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கலைமான் புல் மட்டுமே தின்னும் என்று பதில் வந்தது. மூன்று கடிதங்களுக்குப் பிறகு வேகவைத்த உருளைக்கிழங்கில் உடன்பாடு ஏற்பட்டது.

விசா விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். மகள் பார்த்துத் தருகிறேன் என்றாள், அவசியமில்லை என்றேன். ஊர் ஊராக எத்தனையோ பேரின் பத்திரங்களை, நாலாம் பக்கத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்காகத் திருப்பி அனுப்பியவன் நான். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது, எழுத ஒன்றும் இல்லையென்றால் ஒரு கோடு போட வேண்டும் என்று வருவோர் போவோருக்கெல்லாம் பாடம் நடத்தியவன். ஒரு கட்டமும் விடாமல் எழுதினேன்.

விசா மையத்தில் இருந்த சீனப் பெண் பணிவாகப் பேசினாள்.

“அங்கிள், நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள்?”

“பாளையங்கோட்டை.”

“அது சிலாங்கூரில் எந்தப் பக்கம்?”

“இந்தியாவில். இங்கே தற்காலிகமாக இருக்கிறேன்.”

“எவ்வளவு காலமாக?”

“ஆறு வருடமாக.”

அவள் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தைத் திருப்பி என் பக்கம் வைத்து ஒரு கட்டத்தைப் பேனாவால் தொட்டாள். வசிக்கும் நாடு. அதில் என் அழகான கையெழுத்தில் இந்தியா என்று இருந்தது. வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும், நீங்கள் இந்தியாவில் போய்க் கொடுங்கள் என்றாள். திருத்தித் தருகிறேன் என்றேன். புதிதாக முன்பதிவு செய்ய வேண்டும் என்றாள். அடுத்த முன்பதிவு கிடைத்த நாளில் அந்த வருடத்து ஒளிக்காலமே முடிந்துவிட்டிருந்தது.

ரயிலில் திரும்பும்போது கோமதி கேட்டாள். “பாரத்துல என்ன தப்பு?”

“ஒரு கட்டம்.”

“எந்தக் கட்டம்?”

சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நான் விளக்கம் கொடுத்திருக்கலாம்.

அடுத்த சில வாரங்கள் அவள் வட ஒளியைப் பற்றிப் பேசவே இல்லை. விஷயம் மல்லிகாவுக்கு எப்படித் தெரிந்ததோ, ஒருநாள் காலை புத்தகத்தை நீட்டாமல் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“அங்கிள், ஆன்டிக்கு லைட்டுதானே பாக்கணும்? கோலா சிலாங்கூர்ல கெலிப் கெலிப் இருக்கு. மின்மினிப் பூச்சி. என் வீட்டுக்காரரு வேன்ல கூட்டிட்டுப் போவாரு. மாக்கான் அங்கயே, நல்ல சாப்பாடு.”

“வானத்து ஒளியும் பூச்சியும் ஒன்றா?”

“பூச்சிக்கு விசா வேணாம்லா” என்றார் மல்லிகா.

அவர் கணவர் சேகர் கிள்ளானில் வளர்ந்தவர், பெரிய உடம்பு, மெல்லிய குரல். ஒரு மாலை மூவருமாகப் புறப்பட்டோம். நெடுஞ்சாலை விட்டு இறங்கியதும் இருபக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் வந்தது.

“அங்கிள் எந்த ஊரு?”

“பாளையங்கோட்டை. திருநெல்வேலிப் பக்கம்.”

“இல்லலா, இங்க எந்த ஊரு? வேன திருப்பிக் கொண்டாந்து எங்க விடணும்னு கேக்குறேன்.”

“பிரிக்ஃபீல்ட்ஸ்” என்று பின்னாலிருந்து கோமதி சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

சாப்பாட்டுக்கு ஆற்றோரத்தில் ஒரு சீன உணவகம். உள்ளூர் விருந்து என்றால் நண்டு, இறால், மீன். சேகர் மலாயில் தெளிவாகச் சொன்னார்: இந்த இருவருக்கும் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், கீரை போதும். கடைக்கார அம்மாள் தலையாட்டினார். காங்கோங் கீரை ஆவி பறக்க வந்தது. கோமதி ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கருவாட்டுக் கடையைக் கடக்கும்போது எங்கள் ஊரில் மூக்கைப் பொத்திக்கொள்பவள்.

“பெலாச்சான் போட்டியா?” என்று சேகர் கேட்டார்.

பெலாச்சான் என்பது இறாலைக் காயவைத்து இடித்த சாந்து. போட்டேனே என்றார் கடைக்கார அம்மாள். அது மீனுமில்லை இறைச்சியுமில்லை, மசாலா. அவர் விதிப்படி அவர் சரி. நானும் கலைமான் கடிதங்களை நினைத்து அமைதியாக இருந்தேன். பிறகு வெறும் சோறும் பொரித்த தோஃபுவும் வந்தன. கோமதி தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, “உருளக்கெழங்குக்கு இது தேவல” என்றாள். ரயிலில் முகம் திருப்பிய நாளுக்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

படகுத்துறையில் விதிப்பலகை இருந்தது. விளக்கு அடிக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பூச்சியைப் பிடிக்கக் கூடாது. இரண்டு முறை படித்தேன். நான்கு பேர் உட்காரும் மரப்படகு, துடுப்புப் போடுகிறவர் ஒரு மலாய்ப் பெரியவர். கோமதி என் முழங்கையையும் சேகரின் தோளையும் பிடித்து இறங்கினாள். நிலா இல்லாத நாளாகப் பார்த்துச் சேகர் கூட்டி வந்திருந்தார். கரையின் விளக்குகள் பின்னால் போனதும் ஆறும் வானமும் ஒரே கறுப்பாயின.

அப்புறம் அந்த மரங்கள். தண்ணீரை ஒட்டித் தாழ்ந்த மரங்களில் இலைக்கு இலை சிறு ஒளி. எல்லாம் ஒரே மூச்சில் எரிந்து ஒரே மூச்சில் அணைந்தன. பக்கத்துப் படகிலிருந்து யாரோ வியந்து மூச்சை இழுப்பது கேட்டது.

“நம்பாக், மக்சிக்?” என்றார் படகுக்காரர். தெரிகிறதா அம்மா என்று பொருள்.

“தெரியுது, தெரியுது. ரொம்ப அழகா இருக்கு” என்றாள் கோமதி.

அவள் முகம் மரங்களின் பக்கம் இல்லை. தூரத்தில் படகுத்துறையின் மின்விளக்கு ஒன்று தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்காகச் சொன்னாள். வாழ்நாள் முழுவதும் பிறர் எழுதியதில் பிழை கண்டுபிடித்தவன் நான். அன்றைக்குத் திருத்த வாய் வரவில்லை.

படகுக்காரருக்கு எங்கள் தமிழ் புரிந்திருக்க வழியில்லை. ஆனால் எத்தனையோ முகங்கள் அந்த மரங்களைப் பார்ப்பதை அவர் பார்த்திருப்பார். துடுப்பை நிறுத்தினார். படகை அரைவட்டம் திருப்பி, துறையின் விளக்கு அவள் முதுகுக்குப் போகும்படி செய்தார். தாழ்ந்த கிளை ஒன்றை ஒரு கையால் பிடித்துப் படகை நிறுத்தினார். சேகரிடம் ஏதோ சொன்னார்.

“கொஞ்சம் வெயிட் பண்ணச் சொல்றாரு, ஆன்டி. கண்ணு இருட்டுக்குப் பழகணுமாம். அவரு அம்மாவுக்கும் இப்பிடித்தானாம்.”

மற்றப் படகுகள் எங்களைக் கடந்து துறைக்குத் திரும்பின. ஒரு சுற்றுக்கு இவ்வளவு நேரம் என்று ஒரு விதி கட்டாயம் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை. தண்ணீர் படகைத் தட்டிக்கொண்டிருந்தது. கொசு கடித்தது. கோமதியின் விரல்கள் என் முழங்கையில் இறுகியிருந்தன.

“ஒண்ணு” என்றாள்.

நான் அசையவில்லை.

“அங்கன ஒண்ணு. கீழ. அணைஞ்சிட்டு... இந்தா, வருது. ரெண்டு. என்னங்க, மூணு.”

என் கண்ணுக்கு மரம் முழுவதும் எரிந்தது. அவள் ஏழு வரை எண்ணினாள். ஏழாவதில் நிறுத்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்பாசமுத்திரத்துல பாத்தது மாதிரியே இருக்கு” என்றாள்.

“அம்பாசமுத்திரத்தில் எப்போது?”

“கல்யாணமான புதுசுல. குவாட்டர்ஸ்ல கரண்டு போச்சு. பின்னாடி புளியமரம் பூரா மின்மினி. வந்து பாருங்கன்னு கூப்பிட்டேன். அரிக்கேன் வெளக்குல ஏதோ ஃபைல் பாத்துட்டு இருந்தீங்க. நீ போ, வாரேன்னீங்க.”

எந்தக் கோப்பு என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. யாரோ ஒருவருடைய நாலாம் பக்கமாக இருந்திருக்கும்.

திரும்பும் வழியில் வேனில் அவள் கேட்டாள். “வர்ற குளிருக்கு அந்தப் பாரத்த மறுபடி குடுப்பீங்கல்லா?”

“கொடுப்பேன். ஆனால் கண்...”

“ஏழு தெரிஞ்சிச்சுல்லா. அது வானம் பூரா எரியுமாமே. ஒரு ஓரமாவது தெரியாதா?” கொஞ்ச தூரம் போன பிறகு மறுபடி பேசினாள். “இந்தத் தடவ சரியா எழுதுங்க. காலைல எங்க எந்திரிக்கோமோ, அந்த ஊரு.”

அடுக்குமாடி வாசலில் அந்த வாரம் மல்லிகாவுக்கு இரவு முறை. புத்தகத்தை நீட்டியபடியே, “ஆன்டி, தெரிஞ்சிச்சா?” என்று கேட்டார்.

“ஏழு” என்றாள் கோமதி.

“ஏழா? அங்க கோடி இருக்கும்லா.”

“எனக்கு ஏழு.”

மல்லிகா பேனாவை என் பக்கம் நகர்த்தினார். அதை எடுக்கும் முன் நான் குடியிருப்போர் அட்டைக்கான விண்ணப்பத்தைக் கேட்டேன். அவர் இழுப்பறையைத் திறந்து, ஓரம் மஞ்சளாகிப்போன ஒரு தாளை எடுத்தார். “மொத வருசமே எடுத்து வெச்சேன். அங்கிள் என்னைக்காவது கேப்பாருன்னு.”

மறுநாள் அதை நிரப்பினேன். அந்த வேகத்திலேயே, கை சூடாக இருக்கும்போதே, விசா விண்ணப்பத்தையும் நிரப்பினேன். வசிக்கும் நாடு: மலேசியா. எழுதி முடித்ததும், யாரோ பார்த்துவிட்டார்களோ என்பதுபோல இழுப்பறையைத் திறந்து பாளையங்கோட்டைச் சாவி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. முன்பதிவும் கிடைத்திருக்கிறது, காலத்தோடுதான். கோமதி சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடுவதில்லை.

ஆனால் அந்த இரவைச் சொல்லி முடிக்கவில்லை. விண்ணப்பம் கையில் இருந்தாலும் அட்டை வரும்வரை நான் வருகையாளன்தானே, அதனால் புத்தகத்தில் எழுதினேன். பெயர், வீட்டு எண், வந்த நேரம். எப்போதும் மறுநாள் காலைக்கென்று விட்டுவைக்கும் கடைசிக் கட்டத்துக்கு வந்து பேனா நின்றது. அட்டை வந்துவிட்டால் ‘போன நேரம்’ எழுத நான் இந்தப் புத்தகத்தைத் தொடப்போவதில்லை. எழுத ஒன்றும் இல்லாத கட்டத்தில் கோடு போட வேண்டும். கோடு போட்டால் இனிப் போவதே இல்லை என்று ஆகிவிடும். கோமதி மின்தூக்கியின் கதவைக் கையால் தடுத்துப் பிடித்தபடி நின்றாள். மல்லிகா என்னையும் பேனாவையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை விண்ணப்பங்களை நிரப்பியதில் நடக்கப் போகவில்லை, மாலையே அட்டை வந்துவிட்டது. இப்போது காட்டினால் கதவு திறக்கிறது. அந்தப் புத்தகம் பக்கம் நிரம்பி, மாற்றப்பட்டு, எங்கோ ஓர் அலமாரிக்குப் போயிருக்கும். அதில் என் பெயருக்கு நேரே ஒரு கட்டம் எழுத்தும் இல்லாமல் கோடும் இல்லாமல் காலியாக இருக்கிறது. நான் காலியாக விட்ட ஒரே கட்டம் அதுதான்.