கரண்டு வீட்டுக்குப் போன வழி

சாவியைத் திருப்பியதும் எங்கள் பிக்கப்பில் முதலில் ஒரு வாசனை வரும். அயர்ன் பாக்ஸில் பாலித்தீன் கவர் ஒட்டிக்கொண்டால் தொண்டையைக் கமறவைக்குமே, அதே கருகல் வாசனை. அதற்குப் பிறகுதான் இன்ஜினைக் கிளப்பும் செல்ப் மோட்டார் சளி பிடித்த கிடாயைப் போல முனகும். பள்ளிக்கூடம் போகிற வழியில் அப்பாவுக்கும் கதவோரம் உட்கார்ந்த அம்மாவுக்கும் நடுவே, கியர் கம்பியை இரண்டு முழங்காலுக்கும் இடையில் வாங்கிக்கொண்டு உட்காருவது என் இடம் என்பதால், அந்த வாசனை முழுசும் எனக்குத்தான். அந்த வருஷம் நான் ஏழாவது படித்தேன் என்று சொன்னால் வாத்தியார் சிரிப்பார், ஏழாவதில் உட்கார்ந்திருந்தேன்.

நிட்டிங் கம்பெனியில் துணி ரோல்களை ஏற்றிச் சாயப்பட்டறையில் இறக்குவதும், சாயம் போட்ட துணியைத் தையல் கம்பெனிக்குக் கொண்டுவருவதும் அப்பாவின் வேலை. அதே தையல் கம்பெனியில் அம்மா செக்கிங். ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் என்று நாளெல்லாம் துணியில் குற்றம் கண்டுபிடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் என்னிடம் கண்டுபிடிப்பார்.

வண்டியின் வியாதி மூன்று மாதம் நீடித்தது. கியர் போடுவது காய்ந்த சுண்ணாம்பில் கரண்டியை விட்டுக் கிண்டுவது போலாகிவிட்டது. அம்மாவின் அண்ணன் கந்தசாமி மாமா அவிநாசியில் கியர் பாக்ஸ் மெக்கானிக். அவர் பாக்ஸை இரண்டு முறை இறக்கிப் பிரித்து, பல் சக்கரங்களை எல்லாம் மண்ணெண்ணெயில் குளிப்பாட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு குறையும் இல்லை. கியர் கம்பியிலிருந்து பாக்ஸுக்குப் போகும் இரும்புக் கேபிளை மாற்றினார். பத்து நாள் வெண்ணெய் போல ஓடி, பழையபடி இறுகியது. மறுபடி மாற்றினார், மறுபடி இறுகியது. அதே ஷெட்டின் மறுபாதியில் எலக்ட்ரிக் வேலை பார்த்த அந்தோணி அண்ணாச்சி, தூத்துக்குடிக்காரர், பேட்டரியை மாற்றினார், செல்ப் மோட்டாரைப் பிரித்துப் பூட்டினார். வண்டி முனகிக்கொண்டேதான் இருந்தது. கியர் கெட்டதற்கும் செல்ப் கெட்டதற்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பாவுக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டது. "நல்லாருந்த பாக்ஸ அந்த மனுசன் தொறந்து கெடுத்துப் போட்டாருடா" என்றார் என்னிடம். அதை அப்படியே மாமாவிடம் கொண்டுபோயிருந்தால் நான் நல்ல பையன். வழியில் கொஞ்சம் மசாலா சேர்த்துக் கொண்டுபோனேன். மாமா பதிலுக்குச் சொன்னதையும் அதே தரத்தில் கொண்டுவந்து இறக்கினேன். அப்பாவுக்கு எப்படி லோடோ எனக்கு அப்படிப் பேச்சு. முடிவில் அப்பா, "இந்த வருசம் அவிநாசித் தேருக்கு அந்த ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று சொல்ல, கல்யாணமான நாளிலிருந்து ஒரு தேருக்கும் அண்ணன் வீட்டைத் தவறவிடாத அம்மா, அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அப்போதுதான் நான் சேர்த்த மசாலா அதிகமாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

தேருக்கு நான்கு நாள் முன்னால், ஒரு சனிக்கிழமை காலை, அம்மாவும் நானும் கூட இருக்க, துணி ரோல்களோடு சாயப்பட்டறைக்குப் போகும்போது வண்டி மூன்றாவது கியரில் இறுகி நின்றது. அதுவும் எங்கே? மாமாவின் ஷெட்டுக்கு நேர் எதிரே. மதியத்துக்குள் துணி இறங்கவில்லை என்றால் ஓட்டத்தை வேறு வண்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று கம்பெனி மேனேஜர் ஏற்கனவே சொல்லியிருந்தார். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இறங்கி ரோட்டைத் தாண்டிப் போய், மாமாவையும் அந்தோணி அண்ணாச்சியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

மாமா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல், வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "கெடுத்தவன் கைதானுங்க, மறுக்காத் தொட்டா ஆகுமுங்களா?"

"வண்டிகிட்டப் பேசறவருக்கு நான் என்னத்தச் சொல்றது?" என்றார் அப்பா, கண்ணாடியைப் பார்த்து.

"ரெண்டு பேரும் செத்த சும்மா இருங்க" என்றார் அம்மா.

அந்தோணி அண்ணாச்சி வண்டிக்கடியில் படுத்து, கியர் கேபிளின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, கிளச்ச மிதிச்சுக்கிட்டு செல்ப் அடிங்க" என்றார் அப்பாவிடம். அப்பா அடித்தார். "எம்மாடி!" என்று அலறிக்கொண்டு அண்ணாச்சி கையை இழுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது. "என்னவே இது, கேபிளு தோசக்கல்லு மாதிரி கொதிக்கி!"

வெளியே வந்தவர் தடித்த வயர் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையைக் கியர் பாக்ஸின் உடம்பிலும் கடிக்க வைத்தார். "இப்ப அடிங்க."

மூன்று மாதமாக முனகிய வண்டி, சாவியைத் தொட்டதுமே ஒரே உறுமலில் எழுந்து நின்றது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மாமா வாயைத் திறந்தபடி நின்றார்.

"கரண்டு செல்ப் மோட்டாரச் சுத்திட்டுத் திரும்பப் பேட்டரி வீட்டுக்குப் போவணும்லா" என்றார் அண்ணாச்சி. "வாசல அடச்சிட்டா ஓட்டப் பிரிச்சாவது போவத்தான செய்யும்? ஒங்க கேபிளுதான் அது பிரிச்ச ஓடு."

சாவியைத் திருப்பியபோதெல்லாம் என் முழங்கால்களுக்கு நடுவே, அந்தக் கேபிளின் வழியாக, கண்ணுக்குத் தெரியாத ஒன்று வீடு தேடி ஓடியிருக்கிறது; ஓடிய சூட்டில் கேபிளின் உள்ளுறையை உருக்கி ஒட்டியிருக்கிறது; நாங்கள் அதற்குள் குடும்பச் சண்டையே போட்டு முடித்திருக்கிறோம். அதுவோ யார் மேலும் கோபமில்லாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறது.

அடைபட்ட வாசலைத் தேடி அண்ணாச்சி மறுபடி கீழே போனார். அப்பாவும் ஸ்பேனரோடு உள்ளே நுழைந்தார். கரண்டு திரும்பிப் போக வேண்டிய வழி, கியர் பாக்ஸிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்குப் போகும் எர்த் பட்டை, இருந்தது; சட்டத்து முனையில் போல்ட்டும் இறுக்கமாக இருந்தது. அண்ணாச்சி ஸ்குரூ டிரைவரால் அதன் தலையைச் சுரண்டினார். நூல் வந்தது. போல்ட்டைக் கழற்றி, பட்டையின் வளையத்தைச் சுற்றி, இரும்பில் படவிடாமல் அடைத்திருந்த கறுப்பு உருண்டையை உருவி வெளியே நீட்டினார்.

எங்கள் ஊரில் குழாய் சொட்டினாலும், கட்டில் ஆடினாலும், கதவு அடித்துக்கொண்டாலும் ஒரே மருந்து, பனியன் துணி வேஸ்ட்டைத் திணிப்பது. அம்மா அந்த உருண்டையை விரித்து, கட்டைவிரலால் கிரீஸைத் தேய்த்துப் பார்த்தார்.

"இது ரிப்பு துணிங்க. மெரூன் கலரு, காலர் பட்டி வெட்டுன வேஸ்ட்டு. நாந்தான் கம்பெனில இருந்து ஊட்டுக்குக் கொண்டாந்தேன்." பிறகு குனிந்து, வண்டிக்கடியில் தெரிந்த செருப்புக் கால்களைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க, என்னமோ கிண்ணு கிண்ணுன்னு சத்தம் வருதுன்னு சொல்லீட்டிருந்தீங்களே, அதுக்கா இத அடச்சீங்க?"

கால்கள் அசையவில்லை. அண்ணாச்சி மட்டும் வெளியே வந்தார். எவ்வளவு நேரம் போயிற்றோ, ரோட்டில் இரண்டு பஸ் போனது எனக்கு ஞாபகம்.

"ஏனுங்க, கீழயே குடியிருக்கப் போறீங்களா?" என்றார் அம்மா.

அப்பா முதுகால் நகர்ந்து வெளியே வந்து, முகத்தில் கிரீஸோடு எழுந்து நின்று, மூன்று மாதத்தில் முதல்முறையாக மாமாவை நேராகப் பார்த்தார். "பாக்ஸுல ஒண்ணும் கொற இல்லீங்க மச்சான். கை வெச்சது நாந்தானுங்க. சும்மா உங்களப் பேசிப் போட்டனுங்க." கரண்டைப் பார்த்துச் சிலிர்த்த நான் இதைப் பார்த்து மூச்சே விடவில்லை. அப்பா அப்படிப் பேசி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

"போச்சாது விடுங்க மாப்ள" என்றார் மாமா, என் காதைத் தேடிப் பிடித்துக்கொண்டு. "அதுல பாதி இந்தத் தொரை சேத்துனதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? வாங்க, கேபிள மாத்திப்போட்டு லோட எறக்குவோம்." மதியத்துக்கு முன்னால் துணி இறங்கியது. அந்த வருஷத் தேருக்கு அம்மா முந்தின நாளே போய்விட்டார்.

அந்தப் பிக்கப் இப்போது இல்லை. அந்தோணி அண்ணாச்சி ஊருக்கே திரும்பிவிட்டார். ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. நான் ஓட்டும் வண்டியில் ஏதாவது விளக்கு எரிந்தால், ஒரு பையன் வயரைச் செருகி, போனில் கோளாறின் பெயரைப் படித்துச் சொல்லிவிடுகிறான். கீழே யாரும் படுப்பதில்லை. அதில் எனக்கு ஒரே ஒரு சங்கடம். என் தப்பை நான் ஒப்புக்கொள்ள வேண்டிய நாள் வந்தால், அப்பாவைப் போல வண்டிக்கடியில் இரண்டு பஸ் போகிற நேரம் யோசிக்க இடமில்லாமல், நின்றபடியே சொல்லியாக வேண்டும்.