லோரீன் விட்ட பந்துகள்

கண்காட்சியைத் திறக்க ரிப்பன் வெட்டுவது பதினோரு மணிக்கு. லோரீன் வாஸ் பத்து மணிக்கே கார்வின் நகர நூலகத்தின் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டாள். வெட்டப்போவது அவள்தான் என்பதால், முன்கூட்டியே ஒருமுறை சுற்றிப் பார்க்கும்படி நூலகர் டெனீஸ் சொல்லியிருந்தாள்.

சுவர் முழுக்க அவள் ஆடிய அணியின் படங்கள். கார்வின் லார்க்ஸ். நாற்பது வருடத்துக்கு முன் இந்தப் பெண்களின் பேஸ்பால் ஆட்டத்தைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் மூவாயிரம் பேர் வந்தார்கள். அணி கலைந்ததும் ஊர் மறந்துவிட்டது. லோரீன் இருபத்தாறு வருடம் பள்ளி உணவுக்கூடத்தில் உருளைக்கிழங்கு மசித்துப் பரிமாறினாள். தட்டை நீட்டிய பிள்ளைகளில் ஒருவர்கூட பந்து பிடித்துக் கோணிப்போன அவளுடைய விரல்களைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது திடீரென்று எல்லோருக்கும் ஞாபகம் வந்திருக்கிறது.

முதல் படத்தில் எட்டுப் பெண்கள் வரிசையாக நின்று உதட்டுச்சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். கூட வந்திருந்த இர்மா, அந்த அணியில் செகண்ட் பேஸ் காத்து ஆடியவள், மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி இது? நாம பந்து விளையாடினோமா, கல்யாணத்துக்குக் கிளம்பினோமா?"

லோரீன் சிரித்தாள். குட்டைப் பாவாடையோடு மண்ணில் சறுக்கி, தொடைத்தோல் உரிந்து, அந்தப் புண்ணோடு மறுநாளும் ஆடியதற்கு ஒரு படம்கூட இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தவள், அடுத்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

உள்ளே பழுப்பேறிய ஓர் அட்டை. பயிற்சியாளர் ஹேன்லனின் கையெழுத்து. பெயர் எழுத வேண்டிய இடம் காலி. "கறுப்பினப் பெண். வேகம் உண்டு. கட்டுப்பாடு இல்லை. மூன்று பந்துகள் கேட்சரைத் தாண்டிப் போயின. வேண்டாம்." அதன்கீழே டெனீஸ் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தாள்: "1948-ஆம் ஆண்டுத் தேர்வுக்கு ஒரு கறுப்பினப் பெண்ணும் வந்தார். திறமை போதாததால் சேர்க்கப்படவில்லை."

டெனீஸ் பின்னாலேயே வந்து நின்றாள். ஹேன்லனின் மகள் கொடுத்த பெட்டியில் கிடைத்ததாம். லார்க்ஸ் அணி யாருக்கும் கதவைச் சாத்தவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பெருமைப்பட்டாள். நதிக்கு அக்கரையிலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் பேசியதாகவும், அதே தேர்வுக்கு வந்தவர் என்றும், இன்று வருவதாகச் சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

லோரீனின் கண் 'மூன்று பந்துகள்' என்ற வரியிலேயே நின்றது.

எறிந்த பந்து, அதைப் பிடிக்க உட்கார்ந்திருக்கும் கேட்சரைத் தாண்டிப் போனால் பழி இருவரில் ஒருவருக்கு. ஒன்று, எறிந்தவள் கண்டபடி எறிந்தாள். இல்லையென்றால், பிடிக்க உட்கார்ந்தவள் கோட்டைவிட்டாள். தூரத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். எது நடந்தது என்று கேட்சரின் கைக்குத் தெரியும்.

1948 ஏப்ரலில் நடந்த அந்தத் தேர்வில் கேட்சராக உட்கார்ந்தவள் லோரீன். அவள் முகக்கவசத்தின் வாரைச் சரிசெய்வதுபோலக் குனிந்து ஹேன்லன் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "எல்லாத்தையும் பிடிச்சே ஆகணும்னு இல்ல, லோரீன்."

விடு என்று அவன் சொல்லவில்லை. நாற்பத்தொரு வருடமாக அவள் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், விடு என்று யாரும் சொல்லவில்லை என்பதை.

அந்தப் பெண்ணின் பந்து நேராக வந்து கடைசி நொடியில் ஒரு சாண் இறங்கும். ஐந்தாவது பந்திலேயே அது எங்கே இறங்கும் என்று லோரீனுக்குப் பிடிபட்டுவிட்டது. அதன்பிறகு கையுறையை இமைப்பொழுது தாமதித்து நகர்த்தினாள். பந்து பின்னால் கம்பி வேலியில் போய் அடித்தது. அந்தப் பெண் ஹேன்லனைப் பார்க்கவில்லை, லோரீனைப் பார்த்தாள். லோரீன் முகக்கவசத்தைக் கழற்றவில்லை. அணியில் இடம் போனால் பட்டாணியை டப்பாவில் அடைக்கும் ஆலைக்குத்தான் திரும்ப வேண்டும். அவளுடைய அக்கா அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இது காரணமா, சாக்கா என்று அவளால் இன்றுவரை பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இர்மாவின் காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். இர்மா அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"விடு லோரீன். நீ அத்தனையும் பிடிச்சிருந்தாலும் அந்தாளு அவள எடுத்திருக்க மாட்டான். உனக்கே தெரியும்."

தெரியும். அந்த நினைப்புதான் இத்தனை வருடம் அவளைத் தூங்கவிட்டது. ஆனால் அட்டையை நேரில் பார்த்தபோது வேறொன்று புரிந்தது. அவள் பிடித்திருந்தால், வேண்டாம் என்பதற்கு ஹேன்லன் உண்மையான காரணத்தைத் தன் கையால் எழுதியிருக்க வேண்டும். அதை எழுதாமல் தப்பிக்க அவனுக்கு வழிசெய்து கொடுத்தது அவளுடைய கையுறை.

மணி பத்தே முக்கால். மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. நீலத் தொப்பி அணிந்த உயரமான பெண்மணி ஒருவர் படியிறங்கி, எந்தப் படத்தையும் பார்க்காமல் நேராகப் பெட்டியிடம் வந்து குனிந்து படித்தார். இரண்டுமுறை படித்தார்.

லோரீன் டெனீஸின் முழங்கையைப் பிடித்தாள். "அட்டை இருக்கட்டும். கீழ நீ ஒட்டினத எடுத்துடு."

"மிஸஸ் வாஸ், இன்னும் கால் மணி நேரம்தான் இருக்கு. ஆதாரம் இருக்கறதத்தானே நான் எழுத முடியும்?"

"ஆதாரம் நான்தான். பந்து நல்லாத்தான் வந்துச்சு. அந்த மூணையும் நான் விட்டேன். வேணும்னேதான்."

டெனீஸ் இர்மாவைப் பார்த்தாள். இர்மா உதட்டுச்சாயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு இல்ல," என்றார் நீலத் தொப்பிக்காரர், நிமிராமலே. "நாலு. கடைசி பந்து உங்க முழங்கால்ல பட்டு உருண்டுச்சு. அத அந்த மனுஷன் எழுதல."

லோரீன் அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு உங்க பேருகூடத் தெரியாது."

"ஆர்டெல் மேபரி. அன்னிக்கே சொன்னேன். எழுதிக்கத்தான் ஆள் இல்ல."

மன்னிப்புக் கேட்க லோரீன் வாய்திறந்தாள். ஆர்டெல் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது உங்க பாடு. அத நான் வாங்கிக்கறதா இல்லையான்னு வீட்டுக்குப் போய் யோசிப்பேன். இந்தச் சின்னக் காகிதத்த மாத்தினா யாரு படிக்கப்போறா? மேல மைக் இருக்கில்ல?"

மேலிருந்து டெனீஸின் உதவியாளர் கூப்பிட்டார். மேயர் வந்துவிட்டாராம். லோரீன் கைப்பிடியைப் பற்றிப் படியேறினாள். எண்பது பேர் கைதட்டினார்கள். மேயர் கத்தரிக்கோலை நீட்டினார். அவள் அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"நான் லோரீன் வாஸ். லார்க்ஸோட கேட்சர். வெட்டறதுக்கு முன்னால, ஆர்டெல் மேபரின்னு ஒரு பிட்சர் போட்ட நாலு பந்தப் பத்திச் சொல்லணும். நல்ல பந்து. பிடிக்க வேண்டியவ நான்."

கைதட்டல் அடங்கிப்போனது. மேயரின் புன்னகை அப்படியே உறைந்து நின்றது. கடைசி வரிசைக்குப் பின்னால், காலி நாற்காலி இருந்தும் உட்காராமல், ஆர்டெல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

லோரீன் முதல் பந்திலிருந்து தொடங்கினாள்.