தேவராஜா கழற்றி வைத்த சப்பாத்து

என் வீட்டுக்காரர் தேவராஜா எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வாங்கமாட்டார். ஒரு றைஸ் குக்கர் வேண்டுமென்றால் மெல்பேர்னின் ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கி, மூடியைத் திறந்து, மூடி, கடைக்காரரின் உயிரை வாங்கி, கடைசியில் முதல் ஏறிய கடைக்கே திரும்பி வருவார். பகலில் களஞ்சியமொன்றில் போர்க்லிஃப்ட் ஓட்டுவது; மிச்ச நேரமெல்லாம் இந்த வேலை. அப்படிப்பட்டவருடைய ஒரே மகள் பல்கலைக்கழகம் தெரிவு செய்யப் போகிறாள் என்றால் வீடு வீடாகவா இருக்கும்?

மகள் மிருணாளினி படிக்க விரும்பியது பொடியாட்ரி. பாதத்துக்கென்றே உள்ள வைத்தியப் படிப்பு. “இவ்வளவு மார்க்ஸ் எடுத்துப்போட்டு காலோ?” என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அதையாவது சமாளித்துவிட்டோம். எந்தக் கம்பஸ் என்பதில்தான் சண்டை. மெல்பேர்னில் ஒன்று, சிட்னியில் ஒன்று, இரண்டிலும் இடம் கிடைத்திருந்தது. இவர் மெல்பேர்ன்தான் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

“அங்கதான் கட்-ஓஃப் கூட. கூட மார்க்ஸ் கேக்கிற இடம்தானே திறமான இடம்? கஷ்டப்பட்டு எடுத்ததை ஏன் வீணாக்குவான்?”

எங்கள் சனத்தில் பாதிப்பேர் பிள்ளையின் படிப்பை இப்படித்தான் தெரிவு செய்கிறார்கள். மார்க்ஸ் மிஞ்சினால், சோறு மிஞ்சிக் குப்பையில் போனதுபோல் துக்கப்படுவார்கள். இது விசர்க்கதை, பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். மெல்பேர்ன் என்றால் பிள்ளை கிரான்பர்னில் எங்கள் வீட்டிலேயே என்னோடு இருப்பாள். சிட்னி என்றால் வென்ட்வேர்த்வில்லில், இவருடைய அக்கா சத்தியபாமா மச்சாள் வீட்டில் இருப்பாள். பிள்ளை இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. போதாததற்கு மச்சாளின் சமையல் வேறு. வெந்நீரில் மஞ்சளைக் கரைத்தால் அதற்குப் பெயர் சொதியா?

மிருணாளினி மட்டும் அசையவில்லை.

“அம்மா, சிட்னியில கம்பஸுக்குள்ளயே கிளினிக் இருக்கு. ரியல் பேஷன்ட்ஸ். ஒருக்கா வந்து பாருங்கோ, ப்ளீஸ்.”

இரண்டில் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல அந்த வாரம்தான் கடைசி. சரி, போய்ப் பார்த்து நாலு குறை பிடித்துக்கொண்டு வருவோம் என்ற நல்லெண்ணத்தோடு நானும் பிளேன் ஏறினேன்.

மெல்பேர்ன் கம்பஸை முன்பே பார்த்திருந்தோம். பளபளவென்று கண்ணாடிக் கட்டடம். நாங்கள் போன அன்று பழகுவதற்கான ரப்பர் கால்களை வரிசையாகக் காட்டினார்கள். சிட்னியில் கட்டடம் பழையது, கார் நிறுத்தவே இடமில்லை. குறை தானாகக் கிடைத்த சந்தோசத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரே புளுகம். கிளினிக் வாசலில் சப்பாத்துகளைச் சோடி சோடியாக அடுக்கி வைத்திருந்தார்கள். சப்பாத்துக்குள் பாதம் தாங்கும் மெத்தை பொருத்துவதற்கென்று நோயாளிகள் கொடுத்துவிட்டுப் போனவையாம். அது எங்களுக்கு எப்படித் தெரியும்? சப்பாத்து வரிசையைக் கண்டால் எங்கள் ஆள் சும்மா நிற்பாரா? குனிந்து தன்னுடையதையும் கழற்றி, அந்த வரிசையில் ஒழுங்காக வைத்துவிட்டு, வெறும் மேசோடு, அதுதான் காலுறையோடு, உள்ளே நடந்துவிட்டார்.

“இஞ்சாருங்கோ! இதென்ன கோயிலோ? போய்ப் போடுங்கோ!” என்று பல்லைக் கடித்தேன்.

“எல்லாரும் கழட்டித்தானே வைச்சிருக்கினம்,” என்றார், வலு நிதானமாக.

மிருணாளினி முகத்தைப் பொத்திக்கொண்டாள். “ஓ மை கோட், அப்பா.”

எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்த மாணவி சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். லக்ஷ்மிப்ரியா, மூன்றாம் வருடம், கோயம்புத்தூர்க் குடும்பம். சப்பாத்தைப் போடச் சொல்லத்தான் வந்திருப்பாள். இவருடைய காலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

“அங்கிள், இடது கால் சாக்ஸ் ஈரமா இருக்கே. தண்ணிய எதுவும் மிதிச்சீங்களா?”

“இல்லையே பிள்ளை.”

“வலிக்குதா?”

“ஒண்டும் நோகேல்லை.”

“சுகர் இருக்கா அங்கிள்?”

இவர் மழுப்புவதற்குள் நான் முந்திக்கொண்டேன். “ஓம் பிள்ளை, கன வருசமா சீனி வருத்தம்.”

அவள் இவரைக் கதிரையில் இருத்தி, அந்த ஈரக் காலுறையை மெதுவாக உரித்தாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். வேலைக்குப் போடுகிற இரும்பு முனைச் சப்பாத்து உரசி உரசித் தோலைத் தின்றிருக்கிறது. சீனி வருத்தம் நரம்பை மரக்கச் செய்திருந்ததால் மனுசனுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்படியொரு புண்ணால்தான் இவருடைய சித்தப்பாவுக்கு முழங்காலோடு காலை எடுத்தார்கள்.

விரிவுரையாளர் அம்மா வந்தார், நரைத்த தலை. மாணவியை விலத்திவிட்டுத் தானே பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். “என்ன பார்க்கிறாய்? அடுத்தது என்ன செய்வாய்?” என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். அந்தப் பெண் இவருடைய காலைத் தன் மடியில் வைத்து, நாடி பார்த்து, புண்ணின் ஆழம் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் கொஞ்சம் நடுங்கியது, கை நடுங்கவில்லை. கடைசியில் அந்த அம்மா குனிந்து, தானும் ஒருமுறை சரிபார்த்து, “நீ சொன்னது சரி, இப்போதே ஆஸ்பத்திரி,” என்றார். நிமிர்ந்தவர் என் மகளைக் கண்டு, விளக்கைப் பிடிக்கச் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மிருணாளினி கண் வெட்டாமல் அப்பாவின் காலுக்கு வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள், படம் எடுத்தார்கள். நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் டொக்டர் வந்து, கிருமி எலும்புக்குப் போகவில்லை, கால் தப்பிவிட்டது என்றார். அப்பாடா! அந்த இடத்திலேயே வெட்கமில்லாமல் விம்மி அழுதேன்.

இவருக்கோ உயிர் வந்ததும் பழைய கதை வந்துவிட்டது.

“இஞ்சரும், கம்பஸுக்கு நாளைக்கெல்லோ கடைசி நாள்? என்னதான் இருந்தாலும் இஞ்ச கட்-ஓஃப் குறைவு...”

“வாயை மூடிக்கொண்டு படுங்கோ! கட்-ஓஃபாம் கட்-ஓஃப். அந்தப் பிள்ளை பாத்திராட்டி உங்கட காலை எல்லோ கட் பண்ணியிருப்பாங்கள்!” மகள் பக்கம் திரும்பினேன். “பிள்ளை, நீ சிட்னிக்கே ஓம் எண்டு சொல்லு. இப்பவே சொல்லு.”

மிருணாளினி என்னை நம்பாமல் பார்த்தாள். “ஆர் யூ ஷுவர், அம்மா? நீங்கள் வீட்டில தனிய...”

“தனிய என்ன தனிய?” நான் இவருடைய கட்டுப்போட்ட காலைப் போர்வையால் மூடினேன். “உன்ர அப்பா இரண்டு காலோட வீட்டுக்கு வாறார். எனக்கு அது காணும், வேறொண்டும் வேண்டாம்.”