‘முடிந்தது’ என்று யார் அழுத்துவது

காவிரிப் பாலத்தில் சத்திரம் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது முதலாளி மறுபடியும் போன் செய்தார். என் கையில் வாளியும் தேய்க்கிற பிரஷ்ஷும் இருந்தன. இரண்டும் என்னுடையவை. கம்பெனி பெயர் போட்ட பனியனை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருந்தேன். மாற்றுச் சட்டை நான் தங்கியிருந்த கம்பெனி அறையில் கிடந்தது. அதை எடுக்கப் போகிற உத்தேசம் இல்லை.

“எங்கய்யா இருக்க? ஸ்க்ரீன்ல நீ ஆத்துக்கு நடுவுல நிக்கிற.”

“நிக்கல, போயிட்டிருக்கேன். வேற ஆள் பாத்துக்குங்க.”

நான் தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவன். எட்டாவதோடு பள்ளியை விட்டு, பல ஊர் சுற்றி, கிடைத்ததைச் செய்து இந்த வேலைக்கு வந்தேன். இதில் பாதி காத்திருப்புதான். தொட்டியை வடித்துத் தேய்த்த பிறகு, தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊறவிட வேண்டும். அது ஊறுவதற்குள் பக்கத்துத் தெருவில் இன்னொரு தொட்டியை வடியவிட்டுத் திரும்புவேன். எந்த வீட்டில் என்ன கட்டம் என்பது தலையில் இருக்கும்.

முதலாளி புதிதாக ஒரு ஆப் கொண்டுவந்தார். ஒரு வீட்டை ‘முடிந்தது’ என்று அழுத்தினால்தான் அடுத்த வீட்டு முகவரி திறக்கும். நேரமானால் சிவப்பு எரியும். அன்று காலை ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டு மாடியில், தொட்டி ஊறட்டும் என்று நிழலில் உட்கார்ந்திருந்தேன். சிவப்பு எரிந்தது. நான் அழுத்தவில்லை. அரியமங்கலம் ஆபீசில் உட்கார்ந்தபடி முதலாளியே அழுத்திவிட்டார். ‘வேலை முடிந்தது’ என்ற செய்தி வீட்டு மாமியின் போனுக்குப் போய்விட்டது. மாமி சமையலறைக் குழாயைத் திறந்து அரிசி களைந்துவிட்டார்.

“முடிஞ்சுடுத்துன்னு மெசேஜ் வந்துதே! பெருமாளுக்குத் தளிகைக்கு வச்ச அரிசி! பாத்திரமெல்லாம் மருந்து நாத்தம். இன்னிக்கு அவர் பட்டினியா?”

என்னைத்தான் திட்டினார். எதிரே நின்றவன் நான்தானே. குழாய்களில் மருந்து போகும்வரை தண்ணீரை ஓடவிட்டு, தொட்டியை அலசி, நல்ல நீர் ஏற்றிக் கொடுத்துவிட்டு, ஏன் அழுத்தினீர்கள் என்று முதலாளியிடம் போனில் கேட்டேன்.

“சிவப்பு எரிஞ்சுது, முடிச்சு விட்டேன். மன்னிப்பு கேட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போ.”

“அடுத்த தொட்டிக்குள்ள நீங்களே எறங்குங்க. அழுத்தத் தெரியுதுல்ல?”

அத்தோடு நடந்துவிட்டேன்.

சத்திரத்தில் டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு ஒரு தூணோரம் உட்கார்ந்தேன். ஆப் இல்லாமல் இப்போது யாரும் வேலை தருவதில்லை. சரி, எனக்கானதை நானே தேடுகிறேன் என்று போனில் ஒவ்வொன்றாக இறக்கினேன். ஒன்று முழுக்க ஆங்கிலம். இன்னொன்று வேலை முடித்தால் பதக்கம் தருமாம். நான் என்ன ஸ்கூல் பையனா? வேறொன்று காலையிலேயே நாள் முழுவதையும் மணிக்கணக்காகப் பிரித்துத் தரச் சொன்னது. தொட்டி எவ்வளவு பாசி பிடித்திருக்கிறது என்பது மூடியைத் திறந்தால்தானே தெரியும்? எல்லாவற்றையும் அழித்தேன்.

கடைசியில் ஒன்று வெறும் கட்டங்களைக் காட்டி, பெயர் நீயே வை என்றது. தமிழில் வைத்தேன்: போகணும், வடியுது, ஊறுது, முடிஞ்சுது. ஒரே நேரத்தில் எத்தனை வீட்டை வேண்டுமானாலும் ‘ஊறுது’வில் போடலாம். அது கேள்வி கேட்கவில்லை. அன்று நிலையத்திலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, உறையூரில் இதே தொழில் நடத்தும் ஒரு அம்மாவிடம் போனேன். போனை வாங்கிக் கட்டங்களைத் தள்ளிப் பார்த்தார்.

“எங்ககிட்ட வேற ஆப் இருக்கே.”

“இருக்கட்டுங்க. நான் இதுலதான் செய்வேன். நீங்க பாக்கலாம். ‘முடிஞ்சுது’வ மட்டும் தொட்டிகிட்ட நிக்கிறவன்தான் அழுத்தணும்.”

“சம்பளம் கேக்காம கண்டிஷன் பேசுற மொத ஆள் நீங்கதான்.”

“சம்பளமும் கேப்பேங்க. இது மொதல்ல.”

அவர் சிரிக்கவில்லை. பனியனைப் பார்த்தார். “அத நேரா போடுங்க, இல்ல கழட்டுங்க,” என்று ஒரு பழைய சட்டையைக் கொடுத்து, இரண்டு வீடுகளின் முகவரிகளைச் சேர்த்தே சொன்னார்.

முதல் வீட்டில் தேய்த்து, பவுடர் கரைத்து ஊற்றினேன். குழாயைத் திறக்க வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் நேரில் சொன்னேன். போனில் அந்த வீட்டை ‘ஊறுது’க்குத் தள்ளிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன்.